செபம் வராத நாட்களில்

கேள்வி: மூன்று ஏக்கர் காலபோக நெல். அருவி வெட்டுக்கு ஒரு கிழமை இருக்க மழை கொட்டி, கதிரெல்லாம் விழுந்து முளைத்துவிட்டது. நகை அடைவில். மகனும் உயர்தரத்தில் சித்தியடையவில்லை. செபமாலையை எடுத்தால் வாய் மட்டும்தான் அசைகிறது. "விசுவாசம் காணாது, அதுதான் இப்படி" என்கிறார்கள் உறவினர்கள். அது உண்மையா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உண்மையில்லை, சகோதரி. விவிலியத்தில் எல்லாம் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். கடைசியில் (யோபு 42:7) கடவுள் சினங்கொண்டது அவர்கள்மீது. அழுது வழக்காடிய யோபுமீதல்ல.

செபமாலை ஓடாத நாட்களில் திருப்பாடல் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் அதைப் பாடியவர் கடவுளிடம் 'எவ்வளவு காலம்' என்று நான்கு தடவை கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுதல். நம்பிக்கை வருவது கடைசி இரண்டில்தான். இதே வரிசையில் பத்து நிமிடம் செபியுங்கள். 'கஷ்டம்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சேற்றில் கிடந்த கதிரைத் தூக்கியபோது நெல்மணியில் வெள்ளை முளை எட்டிப் பார்த்ததே, அதைச் சொல்லுங்கள். அடைவுச் சீட்டிலுள்ள திகதியைச் சொல்லுங்கள். வேண்டுதல் ஒன்று போதும், அதுவும் இன்றைக்குரியதாக: மகனிடம் இன்றிரவு கோபமில்லாமல் பேச வேண்டும் என்பதுபோல.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? முறையிடுவதை விட்டுவிட்டு நேரே நன்றி சொல்லப் போவதில். மனம் ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொல்லும். கொஞ்ச நாளில் செபமே நின்றுவிடும். நம்பிக்கை வசனம் வராத நாளில் அது வராமலே முடியுங்கள். திருப்பாடல் 88 இருள் என்ற சொல்லோடுதான் முடிகிறது. அதைத் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

மனம் வறண்டிருக்கும்போது, முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த விதி. ஆகவே ஞாயிறு பூசையை விடுவதோ மகனின் படிப்பை மறிப்பதோ இப்போது வேண்டாம். சோர்வு செபத்தைக் குறைக்கச் சொல்லும்போது சற்றுக் கூட்டி இருங்கள் என்றும் அவர் சொல்கிறார். பத்து நிமிடம் பதினொன்றாகட்டும், அது போதும்.

பயிரழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்துவிட்டீர்களா? வயலை உழுமுன் பதியுங்கள். அதுவும் கடவுளை நம்பிச் செய்கிற வேலைதான்.

கேள்வி: மகனுக்கு வேலை கிடைத்தால் மடு மாதாவுக்கு ஒரு பவுண் சங்கிலி போடுவதாக நேர்த்தி வைத்தேன். கிடைக்கவில்லை. போடாவிட்டால் குற்றமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: குற்றமே இல்லை. நிபந்தனையோடு வைத்த நேர்த்தி, நிபந்தனை நிறைவேறாவிட்டால் அற்றுப்போகும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1194ஆம் சட்டம் சொல்கிறது. எந்த வார்த்தையில் நேர்ந்தீர்கள் என்று சந்தேகமிருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நேர்த்தியிலிருந்து விடுவிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. கடன்பட்டு மட்டும் சங்கிலி வாங்காதீர்கள்.

2008 ஏப்ரலில் போர் காரணமாக மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது, ஓகஸ்டில்தான் மடு திரும்பியது. வெறுங்கையோடு வருகிறவர்களை அந்தத் தாய்க்குத் தெரியும். யூலை 2 ஆடித் திருவிழாவுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.