பெட்டி அடிக்கும் முன் தாளைப் படியுங்கள்: சப்வூஃபர் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அடிமட்ட ஒலியை (பேஸை) மட்டும் தரும் ஒலிபெருக்கியான சப்வூஃபரை வீட்டிலேயே செய்வது பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. அவற்றில் பாதி, "எந்த பிராண்ட் நல்லது?" என்று மட்டும் கேட்பவை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். அளவுகளோடு எழுதியவர்களுக்கே இம்முறை முன்வரிசை.

கேள்வி: சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து காரை ஒப்படைத்தபோது அதிலிருந்த 12 அங்குல சப்வூஃபரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதன் விவரத் தாளில் எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.55, விஏஎஸ் 70 லிட்டர் என்று இருக்கிறது. நான்கு ஓம் காயில் (கம்பிச்சுருள்) இரண்டு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 40 செ.மீ. இருக்குமாறு ஓர் அடைத்த பெட்டி செய்தால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடங்கும். ஒத்துவருமா, அண்ணே? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தம்பி, தாளைத் தேடி எடுத்ததற்கே உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தரலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதியவையும்தான் இந்த எண்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் பெட்டி செய்தவர்களில் பலர் அடித்தார்கள், கேட்டார்கள், பிரித்து மறுபடி அடித்தார்கள். இன்று மரத்தில் ரம்பம் படும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

எஃப்எஸ் என்பது பெட்டி இல்லாமல் விட்டால் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) தானாக அதிர விரும்பும் அலைவெண். கோனைத் தாங்கும் விளிம்பும், பின்னால் அதைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் என்ற நெளிதுணியும் எவ்வளவு இளக்கமோ, அதே இளக்கமுள்ள காற்றின் கொள்ளளவு விஏஎஸ். க்யூடிஎஸ், கோனின் ஆட்டத்துக்கு எவ்வளவு கடிவாளம் இருக்கிறது என்பதைச் சொல்லும். எண் சிறிதானால் பிடி வலுவானது.

இனி உங்கள் பெட்டி. பலகை 18 மி.மீ. என்றால் உள்ளளவு 36.4 செ.மீ.; கொள்ளளவு 48 லிட்டர். டிரைவரின் (பெட்டியில் மாட்டும் ஒலிபெருக்கியின்) பின்பகுதியும் குறுக்குச் சட்டங்களும் 4 லிட்டரை விழுங்கும். மிஞ்சுவது 44. எழுபதை 44ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.61 வரும். அதை 0.55ஆல் பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.89. அதே 1.61ஐ முப்பதால் பெருக்கினால் பெட்டியின் அதிர்வு 48 ஹெர்ட்ஸ்.

புத்தகக்காரர்கள் விரும்பும் எண் 0.71. அங்கேதான் ஒலி மேடுபள்ளம் இல்லாமல் இறங்கும். அதற்கு உங்கள் டிரைவர் கேட்பது 107 லிட்டர், அதாவது வரவேற்பறையில் இன்னொரு சிறிய குளிர்பதனப் பெட்டி. அது வேண்டாம். 0.89இல் வரும் மேடு அரை டெசிபலைச் சற்றே தாண்டும். அதைக் கேட்டுக் கண்டுபிடித்தேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். க்யூ ஒன்றைத் தாண்டினால்தான் எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் முழங்கத் தொடங்கும். தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்புங்கள். டிரைவருக்குப் பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். மூடிய காரின் உட்புறம் அடிமட்ட ஒலியைத் தானே தூக்கிக் கொடுக்கும். வரவேற்பறை அந்த அளவுக்குக் கொடுக்காது. எனவே முதல் நாள் "காரில் கேட்டது எங்கே?" என்று தேடாதீர்கள். அடுத்து, இரண்டு காயில்களையும் தொடராக இணைத்தால் 8 ஓம், இணையாக இணைத்தால் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை 2 ஓமில் சூடேறி அணைந்துவிடும். தொடராகவே இணையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கலாம் என்று இருக்கிறேன். 10 அங்குலமா, 12 அங்குலமா? 1,000 வாட் என்று போட்டிருப்பதை வாங்கலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: வாட் என்பது காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான எண். சத்தம் எவ்வளவு வரும் என்பதை அது தனியாகச் சொல்லாது. அடிமட்ட பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. ஆகவே கோனின் பரப்பையும், அது ஒரு பக்கமாக நேர்த்தியாக நகரக்கூடிய தூரமான எக்ஸ்மேக்ஸையும் பெருக்கிப் பாருங்கள். 12 அங்குல டிரைவரின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர செ.மீ.; எக்ஸ்மேக்ஸ் 6 மி.மீ. என்றால் 300 கன செ.மீ. காற்று. 10 அங்குலத்தின் பரப்பு 340தான். ஆனால் எக்ஸ்மேக்ஸ் 12 மி.மீ. என்றால் 400ஐத் தாண்டும். இங்கே சிறியதே பெரியது. 40 ஹெர்ட்ஸில் வந்த அதே சத்தம் 20 ஹெர்ட்ஸில் வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் வெறும் வாட் கைகொடுக்காது. கோனுக்கு நகர இடம் வேண்டும்.

தாளில் க்யூஇஎஸ் என்று ஒன்று இருக்கும்; கோனின் கடிவாளத்தில் காயிலும் காந்தமும் தரும் பங்கைச் சொல்லும் எண் அது. எஃப்எஸ்ஸை அதனால் வகுத்துப் பாருங்கள். 50க்குக் கீழே வந்தால் அடைத்த பெட்டி, 100ஐ ஒட்டியோ தாண்டியோ வந்தால் காற்று வெளியேறக் குழாய் வைத்த பெட்டி. இடையில் வந்தால் உங்கள் விருப்பம். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் எண்களைப் போட்டால் வரைபடமே வந்துவிடும். வெகுதூரத்திலிருந்து வரவழைத்தால்தான் தரம் என்றும் நினைக்க வேண்டாம்: உலகெங்கும் பெட்டி செய்பவர்கள் பயன்படுத்தும் எஸ்பி அகூஸ்டிக்ஸ் டிரைவர்கள் நம் பக்கத்துச் சுராபாயாவில் உருவாகின்றன.

தாள் இல்லாத டிரைவரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: என் 50 லிட்டர் பெட்டிக்கு 7.5 செ.மீ. பிவிசி குழாயை 24 செ.மீ. நீளத்துக்கு வெட்டி 30 ஹெர்ட்ஸுக்குப் பொருத்தியிருக்கிறேன் (டியூன் செய்திருக்கிறேன்). பாட்டுக்குக் குறையில்லை. படத்தில் வெடிச்சத்தம் வந்தால் குழாய் 'புஸ் புஸ்' என்கிறது. அதே நீளத்தில் இன்னொரு குழாய் வைத்தால் சரியாகுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் கணக்கு சரி, குழாய்தான் ஒடுக்கம். குழாய்க்குள் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டரைத் தாண்டினால் அது சீறத் தொடங்கும் என்பது பழகிய விதி.

இன்னொன்றையும் அதே நீளத்தில் வைத்தால் சீற்றம் குறையும், ஆனால் பொருத்தம் 30லிருந்து 42 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். இரண்டு குழாய் வைத்து 30லேயே நிற்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் 53 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். கடையில் பலர் இதைக் கேட்டதும் நம்பாமல் என் முகத்தையே பார்ப்பார்கள். காற்று வெளியேறும் வழி அகலமானால் நீளமும் கூட வேண்டும், அவ்வளவுதான். ஒரே குழாயாக 10 செ.மீ. விட்டத்தில் வைத்தால் பரப்பு 44லிருந்து 78 சதுர செ.மீ. ஆகும்; நீளம் 45 செ.மீ. பெட்டிக்குள் நேராக நிற்காது என்றால் ஒரு முழங்கைத் துண்டு போட்டுத் திருப்புங்கள். உள்முனைக்கும் சுவருக்கும் இடையே குழாயின் விட்டம் அளவுக்காவது வெளி விடுங்கள். இந்தக் குழாயே 4 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவு செய்யும் முன் ஆம்ப்ளிஃபயரில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 25 ஹெர்ட்ஸில் வையுங்கள். குழாய்ப் பெட்டியில், பொருத்திய அலைவெண்ணுக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இல்லை. வெடிச்சத்தம் அதை வெறுங்காற்றில் உதறவிடும். 'புஸ்' என்பதை அலட்சியப்படுத்தலாம். காயில் காந்தத்தின் பின்தட்டில் மோதி 'டக்' என்றால் அலட்சியப்படுத்தக் கூடாது.

கேள்வி: வீட்டுக் காப்பிடத்தின் கதவில் டிரைவரைப் பொருத்தினால் அந்த அறையே பெட்டி ஆகிவிடாதா? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: தத்துவப்படி ஆகும், பின்னால் ஏராளமான காற்று இருந்தால் டிரைவருக்குப் பெட்டியே தேவையில்லை. ஆனால் அது அவசரகாலத்தில் உயிர் காக்க வைத்த இரும்புக் கதவு. அதில் துளை போட அனுமதி கிடையாது. அரிசி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

கேள்வி: என் கணவர் பெட்டி செய்தே தீருவேன் என்கிறார். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஒரு மூதாட்டி இருக்கிறார். அவர் மேலே வந்து கதவைத் தட்டும் முன் நான் என்ன செய்யலாம்? கடையில் அடியில் வைக்கும் பஞ்சு மெத்தை விற்கிறார்கள். (செங்காங் வாசகி)

பதில்: சகோதரி, அந்த மெத்தை தரையில் நேரடியாக இறங்கும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியாகப் போகும் பேஸை அது ஒன்றும் செய்யாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். மூன்று விரல் தடிமனான பஞ்சை அது பொருட்படுத்தாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் இதே கதைதான்.

பயன் தருவது இடம். பெட்டியை எதிர்ச் சுவரின் மூலையில் வைத்தால் அறை முழுவதையும் அது ஆட்ட வேண்டும். சோபாவுக்குப் பின்னால், தலைக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். அதே பேஸ் காதுக்குக் கிடைக்க மிகக் குறைந்த ஒலியே போதும். கீழ்வீட்டுக்கும் அந்த அளவு குறையும். உங்கள் அறை நான்கரை மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள். 38 ஹெர்ட்ஸை ஒட்டி அந்த அறை தானாகவே முழங்கும். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் அந்த மேட்டைக் கண்டுபிடித்து ஈக்வலைசரில் வெட்டிவிடலாம். கீழ்வீட்டுக்காரரை எரிச்சலூட்டுவது பெரும்பாலும் அந்த ஒரே ஒரு மேடுதான்.

அடைத்த பெட்டியாகவே செய்யச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு மின்சாரமே போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கும் உரிமை உங்களுடையது.

கேள்வி: எம்டிஎஃப்பா (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட்டா? புளோக் தாழ்வாரத்தில் வைத்து அறுக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: தாழ்வாரத்தில் வட்ட ரம்பம் ஓட்டினால் உங்கள் மாடி முழுவதும் கூடிவிடும். எட்டடிப் பலகையை லிஃப்டில் ஏற்றவும் முயல வேண்டாம், 18 மி.மீ. எம்டிஎஃப் முழுப் பலகை 40 கிலோ. உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே சுங்கை காடுட் இருக்கிறது. அளவுச் சீட்டோடு போனால் வெட்டித் தரும் மரக்கடை கிடைக்கும். தெம்பனிஸ் தம்பியின் பெட்டிக்கு: 40க்கு 40 இரண்டு, 40க்கு 36.4 இரண்டு, 36.4க்கு 36.4 இரண்டு. 36.4 வரும் எல்லா வெட்டுகளையும் எந்திரத்தின் தடுப்பை நகர்த்தாமல் ஒரே அமைப்பில் வெட்டச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் கூடக்குறைய வந்தாலும் எல்லாப் பலகையும் ஒன்றுபோல் வரும். மூலைகள் வாய் பிளக்காது.

எம்டிஎஃப் மலிவு, சமதளம், வெட்ட எளிது. ஆனால் வெட்டிய ஓரம் நம் ஊர் ஈரத்தைக் குடித்து ஊதும். தண்ணீர் கலந்த மரப்பசையை ஓரங்களில் இரண்டு முறை பூசிக் காயவிட்டுத் தேய்த்த பிறகே வண்ணம் அடியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். பிர்ச் பிளைவுட் விலை கூட, எடை குறைவு, திருகைப் பிடித்துக்கொள்ளும். எனக்குக் காசு இருந்தால் பிளைவுட்தான். எதுவானாலும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வையுங்கள். டிரைவரை மரத்திருகில் மாட்டாமல், மரத்தில் பதியும் உலோக நட்டான டி-நட் வைத்து மாட்டுங்கள். கழற்றி மாட்டும் வேலை கட்டாயம் வரும்.

கேள்வி: எங்கள் உருமி மேளக் குழுவுக்கு 18 அங்குலப் பெட்டி செய்ய எண்ணம். அதையே வீட்டில் படம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாமா? (ஜூரோங் வெஸ்ட் இளையர்)

பதில்: முடியாது என்பதைவிட, வேண்டாம். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்ச வாட்டில் நிறையச் சத்தம் வேண்டும்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. கேஎல்எச் ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாம் எழுத்து அவருடையது. மேடைக்கான 18 அங்குல டிரைவர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் என்றால், வீட்டு சப்வூஃபர் 87தான் தரும். அந்தப் பத்து டெசிபலை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். மேடைப் பெட்டி அதற்கு விலையாக ஆழத்தை விட்டுக்கொடுக்கும். வழக்கமாக 40 ஹெர்ட்ஸை ஒட்டிப் பொருத்துவார்கள். உருமிக்கும் நான்கு தந்தி பேஸ் கிட்டாருக்கும் அது போதும். அந்தக் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். மண்டபத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்யுங்கள். முன்னதற்குக் கைப்பிடியும் சக்கரமும் மறக்க வேண்டாம்.

கேள்வி: சிம் லிம் டவர் பக்கம் பழைய டிரைவர் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? (தோ பாயோ வாசகர்)

பதில்: முதலில் விளிம்பு. நுரை விளிம்பு நம் ஈரக்காற்றில் மக்கிப் பொடியாகும். நகத்தால் மெல்லத் தொட்டால் பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும். பிறகு கோனின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி, நேராக உள்ளே அழுத்திக் காதை அருகில் வையுங்கள். மணல் உரசும் சத்தம் வந்தால் காயில் வளைந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது. மல்டிமீட்டரில் 4 ஓம் டிரைவர் மூன்றரையை ஒட்டியும், 8 ஓம் டிரைவர் ஆறை ஒட்டியும் காட்டும்.

கடைசியாக ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைக் கொண்டுபோங்கள். அதன் நேர்முனையை டிரைவரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னே நகர வேண்டும். யாராவது காயிலை மாற்றி முனையைத் தலைகீழாக்கியிருந்தால் பின்னே போகும். அப்படிப்பட்ட ஒன்றைச் சரியான இன்னொன்றோடு ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்றின் பேஸை மற்றொன்று தின்றுவிடும். பேட்டரியை எடுத்ததும் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.