லினக்ஸுக்கு ஏற்ற நெட்வொர்க் ஸ்கேனர், ஃபேக்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ‘இஎஸ்சிஎல்’ இருக்கிறதா பாருங்கள். விவரத்தாளில் ‘ஏர்ஸ்கேன்’ என்றும் போட்டிருப்பார்கள். ஸ்கேனரும் கணினியும் நேரடியாகப் பேசும் பொது மொழி அது. ஓசூர் சந்தையில் தமிழரும் கன்னடரும் தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டால் நடுவில் ஆள் எதற்கு? டிரைவர்தான் அந்த நடு ஆள். பல கம்பெனிகள் அதை லினக்ஸுக்குத் தருவதில்லை.

டெபியன், உபுண்டுவில் ‘சேன்-ஏர்ஸ்கேன்’ என்ற மென்பொருளை நிறுவி, ‘சிம்பிள் ஸ்கேன்’ என்ற ஸ்கேன் செயலியைத் திறந்தால் போதும். ஸ்கேனர் தெரியவில்லையா? அது ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அதன் அறிவிப்பு அங்கிருந்து தாண்டாது.

ஃபேக்ஸ் இஎஸ்சிஎல்லில் சேராது. கணினியிலிருந்தே அனுப்ப, எச்பியின் லினக்ஸ் மென்பொருளான ‘எச்பிலிப்’பின் ஃபேக்ஸ் ஆதரவுப் பட்டியலில் உள்ள எச்பி மாடல் நல்லது. மெஷின் பொத்தானில் அனுப்புவதானால் டெலிபோன் லைன் போதும்.

‘லினக்ஸில் பிரிண்ட் வந்தால் ஸ்கேனும் வரும்’ என்பது தவறு. லினக்ஸில் பிரிண்டுக்கு ‘கப்ஸ்’ என்ற மென்பொருள், ஸ்கேனுக்கு ‘சேன்’ என்ற மென்பொருள், இரண்டும் தனி வழி.