ஸ்கேல் மாடல் ஹெலிகாப்டருக்கு ஆதாரப் படங்களை எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: வியட்நாம் போர்க்கால ஹியூயி (யூஹெச்-1ஹெச்) ஒன்றை 1/48 அளவில் கட்டப்போகிறேன். இணையத்தில் படங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்:

அந்தப் படங்களில் பெரும்பாலானவை சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் வேறொரு ஹெலிகாப்டர், வேறொரு வருடம் என்பதால்தான் குழப்பம். அதனால் தேடத் தொடங்கும் முன்பே ஒரே ஒரு ஹெலிகாப்டரையும் ஒரே ஒரு காலகட்டத்தையும் முடிவு செய்துவிடுங்கள். கிட்டோடு வரும் டீக்கல் தாளில் (மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னங்களின் தாள்) சீரியல் நம்பர் இருக்கும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்க ராணுவ சீரியலின் முதல் இரண்டு இலக்கங்கள் நிதியாண்டைக் குறிக்கும். 66 என்றால் 1966 நிதியாண்டு ஆர்டர். அக்கால வால்துடுப்புகளில் ஆண்டின் முதல் இலக்கத்தையும், ஆண்டுக்குப் பின் வரும் சிறு கோட்டையும் விட்டுவிட்டு எழுதுவது வழக்கம், ஆகவே 66 என்பது வெறும் 6 ஆகத் தெரியும். தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். 'ஹியூயி' என்று மட்டும் தேடினால் கிடைக்காத படங்கள் எண்ணைப் போட்டால் கிடைக்கும்.

அடுத்து, கிடைத்த படம் எந்த ரகம் என்று உறுதி செய்ய வேண்டும். பக்கவாட்டுப் பெரிய கதவில் இரண்டு ஜன்னல் இருந்தால் நீளமான டி அல்லது ஹெச் (யூஹெச்-1டி, யூஹெச்-1ஹெச்). ஒரே ஜன்னல் என்றால் குட்டையான பி அல்லது சி. டி-க்கும் ஹெச்-க்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. பிடோ குழாய் (காற்றழுத்தம் மூலம் வேகத்தை அளக்கும் சிறு குழாய்) டி-யில் மூக்கில் இருக்கும், பிந்தைய ஹெச்-களில் கூரைக்குப் போய்விட்டது. ஆனால் ஆரம்ப ஹெச்-களிலும் அது மூக்கில்தான், போதாததற்குப் பல டி-க்களை எஞ்சின் மாற்றி ஹெச் ஆக்கியிருக்கிறார்கள். எனவே பிடோவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பலர் சறுக்கும் இடம் ரோட்டர் ஹெட். ஹெச்-இல் பிளேடுகளுக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடை கொண்ட ஸ்டெபிலைசர் பார் உண்டு. சி ரகத்தின் 540 ரோட்டரில் அது கிடையாது, பிளேடின் அகலமும் 21 அங்குலத்திலிருந்து 27 அங்குலம் ஆகிவிட்டது. ரோட்டர் ஹெட்டின் நல்ல குளோசப் படம் கிடைத்த சந்தோஷத்தில் ரகத்தைப் பார்க்காமல் கட்டினால், மாடலிலேயே அதிகம் கண்ணில் படும் பகுதி தவறாகப் போய்விடும்.

எங்கே தேடுவது? போர்க்காலப் படங்களுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம். ராணுவப் புகைப்படக்காரர்கள் பணியில் எடுத்தவை பொதுவுடைமை, பெரிய ஸ்கேன்களாகவே கிடைக்கும். விக்கிமீடியா காமன்ஸில் ரகவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட பதிவெண்ணுக்கு ஏர்லைனர்ஸ்.நெட், ஜெட்போட்டோஸ் மாதிரித் தளங்கள். அண்மைக்கால ராணுவ ஹெலிகாப்டர் என்றால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் படத் தளமான டிவிட்ஸ். ரஷ்ய ஹெலிகாப்டர் கட்டுபவர்கள் பெயரை ரஷ்ய எழுத்தில் தட்டச்சு செய்து தேட வேண்டும். ஆங்கிலத்தில் தேடினால் வராதவை அதில் வரும்.

சுற்றிச் சுற்றி எடுத்த 'வாக்அரவுண்ட்' படங்கள் பெரும்பாலும் அருங்காட்சியக ஹெலிகாப்டர்களுடையவை. ஸ்கிட் (தரையில் ஊன்றும் குழாய்க் கால்) எப்படி இணைகிறது, எக்ஸாஸ்ட் விளிம்பு எவ்வளவு தடிமன், கதவுத் தண்டவாளம் எங்கே முடிகிறது போன்ற உலோக வடிவங்களுக்கு இவற்றை மிஞ்சிய ஆதாரம் இல்லை. பெயின்ட், ஆன்டெனா, காக்பிட் கருவிகள் விஷயத்தில் நம்ப வேண்டாம். ஓய்வுபெறும் வரை செய்த மாற்றங்கள் எல்லாம் அப்படியே இருக்கும், பிறகு மீண்டும் பெயின்ட் அடித்திருப்பார்கள், காணாமல்போன பாகத்துக்கு வேறொரு ஹெலிகாப்டரின் பாகம் மாட்டியிருப்பார்கள். ஒரு எளிய சோதனை: கூரையிலும் மூக்கின் அடியிலும் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வயர் கட்டர் தெரிந்தால், அது போருக்குப் பிந்தைய நிலை. உங்கள் மாடலில் அது வரக்கூடாது.

படங்களைவிட உதவும் ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: ராணுவக் கையேடுகள். விமானிக்கான டிஎம் 55-1520-210-10 இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. கருவிப் பலகையில் எந்த டயல் எங்கே என்று எண் போட்டுக் காட்டும் வரைபடம் அதில் உண்டு. அதே வரிசையில் 23பி என்று முடியும் பாகப் பட்டியலில் ஸ்வாஷ்பிளேட், பிட்ச் லிங்க் (பிளேடின் கோணத்தை மாற்றும் கம்பி), வால் கியர்பாக்ஸ் எல்லாம் பிரித்து வரையப்பட்டிருக்கும். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் போட்டோவிலும் தெரியாது, இதில் தெரியும்.

படத்திலிருந்து அளவெடுக்க வேண்டுமானால் வால் ரோட்டரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படத்தில் அதன் வட்டம் கேமராவை நேராகப் பார்க்கும், பிளேடு எந்தக் கோணத்தில் நின்றாலும் முனைக்கு முனை நீளம் மாறாது. ஹெச்-இல் அது 2.59 மீட்டர், 1/48-இல் 54 மில்லிமீட்டர். படத்தில் அது 270 பிக்ஸல் வந்தால், 5 பிக்ஸலுக்கு உங்கள் மாடலில் 1 மில்லிமீட்டர். பிறகு எந்த ஆன்டெனாவின் உயரத்தையும் எண்ணிவிடலாம். தூரத்திலிருந்து டெலிலென்ஸில், சரியாகப் பக்கவாட்டில் எடுத்த படத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். பக்கத்தில் நின்று மொபைலில் எடுத்த படத்தில் மூக்கு ஊதிப் பெருத்துத் தெரியும்.

நிற்கும் படத்தையும் பறக்கும் படத்தையும் கலக்காதீர்கள். தரையில் நிற்கும்போது எடை தாங்கி ஸ்கிட் குழாய்கள் வெளிப்பக்கம் விரியும், பிளேடு முனைகள் தொங்கும். பறக்கும்போது ஸ்கிட் உள்வாங்கும், பிளேடுகள் மேல்நோக்கி வளையும். பறக்கும் படத்தைப் பார்த்து ஸ்கிட்டை ஒட்டி மேஜையில் நிறுத்தினால் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் படும், காரணம் பிடிபடாது.

நிறத்துக்கு எந்தப் போட்டோவும் சாட்சி ஆகாது. பழைய ஃபிலிம் மங்கி நிறம் மாறியிருக்கும், ஸ்கேனர் தன் பங்குக்கு மாற்றும். வியட்நாம் கால ஆலிவ் டிராப் எஃப்எஸ் 34087 என்ற நிற எண்ணை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, வெயிலில் எங்கே வெளிறியது, புகைக்கறை எவ்வளவு தூரம் படிந்தது என்பதை மட்டும் படத்திலிருந்து எடுங்கள்.

மற்றவர்கள் கட்டிய மாடலின் படத்தை ஆதாரமாக வைக்கவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அவர் விட்ட பிழை உங்களுடையதாகிவிடும். பெட்டி ஓவியத்துக்கும் இதே விதி. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களும் இப்போது தேடலில் கலந்து வருகின்றன. பிட்ச் லிங்க் எங்கும் போய்ச் சேராமல் காற்றில் முடிகிறதா, இடத்துக்கு இடம் ரிவெட் வரிசை மாறுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

சேர்த்த படங்களை மூக்கு, காக்பிட், கேபின், ரோட்டர் ஹெட், எஞ்சின், வால், அடிப்பகுதி எனத் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, கோப்புப் பெயரிலேயே சீரியலையும் வருடத்தையும் எழுதுங்கள். இரண்டும் தெரியாத படத்தைத் தனியே ஒதுக்குங்கள், அதை மட்டும் நம்பி எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.

ஒரு பக்கத்துக்குப் படம் கிடைக்கவில்லை என்று மறுபக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் பார்க்கவும் கூடாது. இரு பக்கமும் ஒன்றல்ல. பழைய ஸ்லைடுகளை முன்பின்னாகத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்ததால் இடவலம் மாறிய படங்களும் உலவுகின்றன. எழுத்து ஏதும் தெரியாத படமானால் வால் ரோட்டரைப் பாருங்கள். யூஹெச்-1ஹெச்-இல் அது இடப்பக்கம். வலப்பக்கம் தெரிந்தால் படம் திருப்பப்பட்டிருக்க வேண்டும், அல்லது அது இரட்டை எஞ்சின் யூஹெச்-1என் போன்ற வேறு ரகம்.