அப்பாவின் ரைஃபிள் எனக்கு நீளமாக இருக்கிறது: கட்டையை அறுக்கலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த .315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அவர் காலத்துக்குப் பிறகு முறைப்படி என் உரிமத்தில் ஏறியிருக்கிறது. நம் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. அப்பா ஆறடி, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். ரேஞ்சில் ஐந்து ரவுண்டு சுட்டதற்கே தோள் கன்றிப்போனது. தோளில் வைக்கும் மரக்கட்டையில் ஒரு அங்குலம் அறுத்தால் சரியாகுமா? புது ரைஃபிள்களைப் போல கட்டையின் நீளத்தையும் கன்னம் வைக்கும் உயரத்தையும் ஏற்றி இறக்கும் வசதி வைக்க முடியுமா?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

பதில்: ரம்பத்தை இப்போது எடுக்காதீர்கள். முதலில் கன்றிய இடம் எது என்று பாருங்கள். காறை எலும்புக்குக் கீழே உள்ள குழிவில் என்றால், பிடித்த விதத்தில் கோளாறு. கையின் மேல் எலும்புப் பக்கம் என்றால் கட்டை நீளம்தான். நீளக் கட்டையைத் தோளில் ஏற்றும்போது அது குழிவில் உட்காராமல் வெளியே வழுகும். உடம்பும் பின்னால் சாயும். உதை முழுவதும் எலும்பில் விழும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் என்றால் நீளம். ரேஞ்சுக்குப் போடும் சட்டையோடு பாருங்கள்.

உங்கள் ரைஃபிள், பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு வழி வந்தது. அதில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை தனி, தோளில் வைக்கும் பின்கட்டை தனி. ராணுவத்துக்கே இந்தப் பிரச்சினை இருந்ததால், லீ-என்ஃபீல்டு பின்கட்டைகளை அரை அங்குல வித்தியாசத்தில் பல நீளங்களில் செய்தார்கள். சாதாரண அளவைவிடக் குட்டை ‘எஸ்’, அதைவிடக் குட்டை ‘பி’, நீளம் ‘எல்’. கட்டையின் மேல்முகத்தில், தோளில் படும் முனைத் தகடான பட் பிளேட்டுக்குச் சற்று முன்னால் இந்த எழுத்தைக் குத்தியிருப்பார்கள். ஆகவே அப்பாவின் கட்டையை அப்படியே விட்டுவிட்டு, குட்டையான வேறொரு பின்கட்டை மாட்டுங்கள். பொருத்தமானது கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்யச் சொல்லலாம். அதைக் கொஞ்சம் குட்டையாகவே செய்து, பட் பிளேட்டுக்கு அடியில் ஸ்பேசர் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகள் வைத்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நீங்கள் கேட்ட வசதியில் பாதி அதுதான்.

மீதிப் பாதி கன்னத்தின் உயரம். ஸ்கோப் இல்லாமல், குழலின் மேலுள்ள இரும்புக் குறியோடு சுடுகிறீர்கள் என்றால் அதைத் தொட வேண்டாம். கட்டையின் சரிவே அதற்காக அமைந்தது. ஸ்கோப் மாட்டியிருந்தால் கண் மேலே போகும், கன்னம் மரத்தை விட்டு எழும்பும். அப்போது கயிறு கட்டும் தோல் பேட் ஒன்று போதும். பேட் உயர்ந்து, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பின்கட்டையை நீங்களாகக் கழற்றாதீர்கள். பழைய லீ-என்ஃபீல்டுகளில் அதைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியின் சதுர முனை, முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். பட் பிளேட் மூடியைத் திறந்து நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு இப்படிப் பிளந்த நல்ல வால்நட் கட்டைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

துப்பாக்கிப் பழுது வேலைக்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனால் தெருமுனைத் தச்சரிடம் கொடுக்காமல், உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கே கொண்டுபோங்கள். குழலைக் குட்டையாக்கும் பேச்சே கூடாது, அது குற்றம்.

அப்புறம், கழற்றிய அப்பாவின் கட்டை. ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஆளிவிதை எண்ணெய் சில துளி விட்டு உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரெக்சின் உறை வேண்டாம், நம் ஊர் ஈரம் அதற்குள்ளேயே தங்கிவிடும்.