ரேஸுக்குப் போகும் பெட்டியில் என்னென்ன ஸ்பேர்? ஆர்சி கார் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ரிமோட்டில் ஓடும் ஆர்சி கார் ஓட்டுபவர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து: அண்ணா, 1/10 பக்கி (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, மண்ணில் ஓடும் கார்) வைத்திருக்கிறேன். முதல் ரேஸ். எந்த ஸ்பேரை முதலில் வாங்குவது?

முன்பக்கத்திலிருந்து ஆரம்பி தம்பி. கார் போய் மோதுவது மூக்கில்தான். முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை) இடம், வலம் இரண்டும் வேண்டும். ஆனால் ஆர்ம் மட்டும் இருந்தால் வேலை முடியாது. அதை உடைத்த அதே அடியில் உள்ளே போகும் கீல் கம்பியான ஹிஞ்ச் பின்னும் வளைந்திருக்கும். வளைந்த பின்னைப் புது ஆர்மில் போட்டால், ஆர்ம் தன் எடையில் கீழே விழாமல் இறுக்கிப் பிடிக்கும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் ஆர்ம், பின், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் இ-கிளிப், அதற்கான ஸ்க்ரூ எல்லாம் ஒரே ஜிப் கவரில் இருக்கட்டும்.

ஒருமுறை என்னிடம் புது ஆர்ம் இருந்தது, இ-கிளிப் ஒன்றுதான் இருந்தது. மாட்டும்போது அது தெறித்துச் செம்மண்ணில் விழுந்தது. மண்டி போட்டுத் தேடி முடிப்பதற்குள் என் ஹீட் (ரேஸ் சுற்று) போய்விட்டது. அன்றிலிருந்து வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல்தான் காரைப் பிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடுவில் பெங்களூருக்குப் போய் ஒரு கிளிப் வாங்கி வர முடியுமா, சொல்?

பர்கூரிலிருந்து: மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரின் பல் அடிக்கடி போய்விடுகிறது. இரண்டு ஸ்பேர் போதுமா?

போதும். ஆனால் பல் ஏன் போகிறது என்று பாருங்கள். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை விட்டு, இரண்டையும் அழுத்தி மோட்டார் ஸ்க்ரூவை முடுக்குங்கள். தாளை உருவினால் வரும் இடைவெளிதான் சரி. இன்னொன்று, 48 பிட்ச் பினியனோடு 0.6 மாட்யூல் ஸ்பரைச் சேர்க்காதீர்கள், இரண்டும் வெவ்வேறு பல் அளவு. பார்க்க ஒன்றுபோலத் தெரியும், சுற்றினால் பல்லைத் தின்றுவிடும். பினியனைத் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூவுக்கு நீல நிற த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் படக் கூடாது, வெடிப்பு விடும்.

பாலக்கோட்டிலிருந்து: சார், மே மாத வெயிலில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எப்படி எடுத்துப்போவது?

பூட்டிய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ வைக்கவே வேண்டாம். ஐஸ் போடாத தெர்மோகோல் பெட்டியில் வைத்து நிழலில் வையுங்கள். ரேஸ் அன்று காலையில் செல்லுக்கு 4.2 வோல்ட் வரை சார்ஜ். மிஞ்சிய பேக்கை மாலையில் 3.8-க்கு இறக்கிவிடுங்கள், முழு சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உப்பும். உப்பிய பேக் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சார்ஜரில் மாட்டாதீர்கள். தீப்பிடிக்கும்.

ஓசூரிலிருந்து: ஸ்பேர் சர்வோ (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) அவசியமா?

முடிந்தால் ஒன்று எடுங்கள், கூடவே அதன் தண்டில் மாட்டும் சின்னக் கையான, அதற்குப் பொருந்தும் ஹார்னும். சர்வோ தண்டின் பல் கம்பெனிக்குக் கம்பெனி 23, 24, 25 என்று மாறும். பழைய ஹார்ன் புது சர்வோவில் ஏறாமல் கையைப் பிசைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தர்மபுரியிலிருந்து ஒரு தாய்: மகனுக்குப் 12 வயது. இதெல்லாம் வாங்கினால் செலவு எங்கே போய் நிற்கும்?

அக்கா, ஸ்பேர் மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஆர்ம் செட், ஒரு ஸ்பர், இரண்டு பேரிங், பால் கப் (கம்பி முனையில் உருண்டையைக் கவ்வும் பிளாஸ்டிக் கிண்ணம்), பாடி கிளிப் போதும். அதே மாடல் கார் வைத்திருக்கும் பையன் ஒருவனோடு சேர்ந்து ஆளுக்குப் பாதி வாங்கச் சொல்லுங்கள். எந்தக் கவரில் என்ன இருக்கிறது என்று அவன் கையாலேயே எழுதி ஒட்டட்டும். உடைந்ததை அவனே மாற்றப் பழகிக்கொள்வான்.

அரூரிலிருந்து: டூல்ஸ்?

1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர். 1.5 தான் முனை சீக்கிரம் தேயும், அதில் மட்டும் இரண்டு. வீல் நட்டுக்கு 7 மில்லிமீட்டர் ஸ்பேனர், மூக்கு பிளேயர், பழைய பல் துலக்கும் பிரஷ், கேபிள் டை. அப்புறம், கையில் பிடிக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டருக்குப் புது செல் ஒரு செட்.