தாடையோரம் சுருக்கென்று வலித்தால் கருவியை எடுத்துவிடுங்கள்

சகோதரி, வீட்டில் 3 மெகாஹெர்ட்ஸ் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கைக்கருவியைத் தாடையோரம் வைத்தால் எலும்புக்குள் சுருக்கென்று வலிக்கிறது, கன்னத்து மங்கும் கறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள். அந்த வலி பலன் கிடைப்பதன் அடையாளம் அல்ல. தசையைவிட எலும்பு மீயொலியை மிக அதிகமாக உறிஞ்சிச் சூடாகும். அதைப் போர்த்திய சவ்வுதான் வலிக்கிறது. கருவியை ஓரிடத்தில் நகர்த்தாமல் வைத்தால் சூடு இன்னும் ஏறும். ஜெல் தீர்ந்ததால் வெறும் தோலில் தேய்த்தேன் என்கிறீர்களே, அதுவும் தவறு. இடையில் காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும், கருவியின் முகப்புதான் சுடும். மங்கு உள்ள தோலுக்குச் சூடு ஆகவே ஆகாது.

தொங்கும் தாடை நிமிருமா என்று கேட்டீர்கள். இந்தக் கைக்கருவியால் நிமிராது. மருத்துவர்கள் செய்வது குவித்த மீயொலி. தோலுக்கு அடியில் 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை நுண்புள்ளிகளை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவது. அமெரிக்காவில் 2009இல் அது புருவத்தை உயர்த்த அனுமதி பெற்றது. அந்த ஆற்றலை வீட்டில் கையாளக் கூடாது.

இப்போதைக்கு சன்ஸ்கிரீனை விடாமல் பூசுங்கள், கறுத்த இடத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணருகே மட்டும் இந்தக் கருவியை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து.