மருத்துவர் பதில்: மறதிநோயின் தொடக்கத்தில் ஆதரவுக் குழு உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. அல்சைமர் நோய், தொடக்க நிலை என்று 3 மாதங்களுக்கு முன் சொன்னார்கள். தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். இதே பாதிப்பு உள்ளவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுவில் சேர்க்கச் சொல்கிறார்கள். "முற்றிய நோயாளிகளைப் பார்த்தால் பயந்துவிடுவார்" என்று அம்மா தடுக்கிறார். போனால் மறதி குறையுமா?

பதில்: மறதி குறையாது. மனச்சோர்வும் வீட்டுக்குள் முடங்கிப்போவதும் குறையலாம். அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறை என 9 வாரம் இத்தகைய குழுவுக்கு வந்தவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியது, மனச்சோர்வு அறிகுறிகள் தணிந்தன. சிந்தனைத் திறனுக்கான குழுப் பயிற்சி தனி: வாரம் 2 முறை, 7 வாரங்களில் 14 அமர்வுகள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "போயும் மறதி அப்படியேதான் இருக்கிறது" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. எல்லா நிலையினரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் குழுவுக்கு அப்பாவை அனுப்ப வேண்டாம். நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "சேர்ப்பதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசிப் பார்ப்பீர்களா?" என்பதுதான். பேசாமலே சேர்த்துக்கொள்ளும் இடத்தில் நிலை பார்த்துப் பிரிப்பது நடக்காது. தனக்கு நினைவுக் கோளாறு இருப்பதை அவர் ஓரளவாவது ஏற்றிருக்க வேண்டும். நோயின் பெயரை அவரிடம் மறைத்து வைத்திருந்தால், குழுவில் அந்தச் சொல் காதில் விழும் நாளன்று எல்லாம் உடைந்துவிடும். அவர் விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். காது மந்தமாக இருந்தால் கருவி பொருத்திய பிறகு அனுப்புங்கள். பலர் பேசும் இடத்தில் பாதிதான் கேட்கும். கேட்காததை எல்லோரும் மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சை முதலில்.

6 முதல் 10 பேர் வரை இருப்பது வசதி. அதற்கு மேல் போனால், சொல் கிடைக்கத் தடுமாறுபவர் வாய் திறக்கும் முன்பே பேச்சு அடுத்தவருக்குத் தாவிவிடும். ஒன்றரை மணி நேரம் போதும். களைப்பு ஏறும் மாலையைவிடக் காலை நேரம் நல்லது. நடத்துபவர்கள் 2 பேர் இருக்க வேண்டும். ஒருவர் கலங்கி எழுந்து வெளியே போனால் கூடவே போக ஒரு ஆள் தேவை. பெரிய எழுத்தில் பெயர் அட்டை, ஒரு நாளைக்கு ஒரே தலைப்பு, முடிவில் கையில் ஒரு பக்கக் குறிப்பு, முந்தின நாள் நினைவூட்டும் தொலைபேசி அழைப்பு இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தனி அறை இருக்கும் குழுவே சிறந்தது. துணைவர் பக்கத்தில் இருந்தால், தடுமாறும் முதல் நொடியிலேயே அவர் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார். அன்பினால்தான் செய்கிறார், ஆனால் அப்பா மௌனமாகிவிடுவார். வண்டி ஓட்டுவதை எப்போது விடுவது, பணக் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது, நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் வீட்டில் அப்பாவைச் சுற்றி மற்றவர்கள் பேசுவார்கள். அங்கே அவர் பேச வேண்டும். அம்மாவும் தன் அறையில், அப்பா முன் சொல்ல முடியாததைச் சொல்லலாம்.

முதல் நாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 3 அமர்வுகள் போய்ப் பார்க்கட்டும். வீடு திரும்பியதும் "என்ன பேசினீர்கள்?" என்று கேட்டால் அதுவும் ஒரு நினைவுத் தேர்வாகிவிடும். "பிடித்திருந்ததா?" என்று கேளுங்கள், பேசியது மறந்தாலும் மனநிலை தங்கியிருக்கும். திரும்பி வந்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் தவித்தால் நடத்துபவரிடம் சொல்லுங்கள்.

நோய் நகரும்போது ஒரு கட்டத்தில் பேச்சைப் பின்தொடர முடியாமல் போகும். அப்போது எந்தக் குழுவுக்கு மாற்றுவார்கள் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு வையுங்கள். பதில் இல்லாத குழு என்றால், அப்பா விலக வேண்டிய நாளை அவரிடம் யார் சொல்வது என்பதை நீங்களும் அம்மாவும் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.